செவுளக்காவின் பதினேழு கண்ணாடிகள்

மீன் கடையில் அவள் பெயர் தலைக்காரி. கல்லூரியில் செவுளக்கா. வீட்டில் பெயரே கிடையாது; கணவர் "இங்க பாரு" என்பார், அவள் பார்ப்பாள். மூன்று இடத்திலும் இருப்பது ஒரே ஆள்தான் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் சந்தைக்குப் போவாள். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நனைத்துப் பிழிந்த துணி. அவளுக்குக் கெளுத்தி மட்டும்தான் வேண்டும். அதிலும் தலை மட்டும். மீன் உயிரோடு தொட்டியில் கிடக்க வேண்டும், அவள் கண்ணெதிரே வெட்ட வேண்டும். இவ்வளவு நிபந்தனை போட்டுத் தலை வாங்கிப் போகிறவள் அந்தச் சந்தையில் வேறு யாரும் இல்லை.

"வா தலைக்காரி. மூணு தலை எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள் மீன் விற்கிற அம்மா.

"எப்ப வெட்டுனது?"

"இப்பதான்."

"இப்பன்னா?"

"நீ என்ன போலீசா? சரி, அத வேற யாருக்காவது குடுக்கறேன். உனக்குப் புதுசா வெட்டறேன், நின்னு பாரு. உன் வீட்டுக்காரரு பாவம். உடம்ப ஊரே வாங்கிட்டுப் போவுது, நீ மீசையத் தூக்கிட்டுப் போற."

"திங்கறதுக்கு இல்லக்கா. பாக்கறதுக்கு."

"பாத்தா வயிறு நெறையுமா?"

"எனக்கு நெறையுதே. இருபத்திரெண்டு வருஷமா மாசாமாசம் சம்பளம் வருது."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கத்தியை இறக்குவாள். கெளுத்தியின் தலை துண்டான பிறகும் செவுள் மூடி இரண்டு தடவை திறந்து மூடும். செவுளக்கா அதைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து, அடுத்த பேருந்தில் ஏறிவிடுவாள். மீன் செத்து நேரம் ஆக ஆக, செவுளில் இருக்கும் புழுக்கள் பிடியை விட ஆரம்பித்துவிடும். பிடியை விட்ட புழு அவளுக்குப் பிரயோஜனம் இல்லை.

புழு என்றதும் மண்புழுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தட்டைப்புழு, நீளம் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த புள்ளி ஈரத்தில் கொஞ்சம் இழுபட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கண்ணாடி போன்ற உடம்பு, தலைப்பக்கம் நான்கு கறுப்புக் கண்புள்ளிகள், வால்பக்கம் ஒரு தட்டு. அந்தத் தட்டில் இரண்டு ஜோடிப் பெரிய கொக்கிகளும், அவற்றைத் தாங்கக் குறுக்கே ஒரு பட்டையும் இருக்கும். கொக்கியைச் செவுளின் இழையில் மாட்டிக்கொண்டு, மீன் போகும் இடமெல்லாம் இதுவும் போகும். ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல, உடம்பு உதவாது. கொக்கி எப்படி வளைந்திருக்கிறது, பட்டை எப்படி இருக்கிறது, ஆண் உறுப்பின் குழாய் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளில் கல்லூரி ஸ்டோர் குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதப் பாத்தாக்கா யாரு என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். "ஆமா. மூஞ்சியவிட அது பொய் சொல்லாது" என்றாள் செவுளக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விலங்கியல் துறையின் பின்கோடியில் அவளுடைய அறை. ஒரே ஜன்னல், வடக்குப் பார்த்தது. வெயில் நேராக விழாது, வெளிச்சத்துக்குக் குறைவும் இருக்காது. இரண்டு நுண்ணோக்கிகள், ஒரு கழுவுதொட்டி, சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி. அலமாரியின் தட்டையான இழுப்பறைகளில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள். அத்தனையும் அவள் கை செய்தவை.

செய்யும் விதம் இதுதான். செவுளைக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் விரித்துவைத்து, ஊசி முனையால் புழுவைக் கிளப்ப வேண்டும். ஸ்லைடின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் புழு, அதன் மேல் மெல்லிய மூடிக் கண்ணாடி. ஓரத்தில் வடிதாளின் நுனியை வைத்தால் தாள் தண்ணீரை உறிஞ்சும், மூடி மெல்ல இறங்கும், புழு தட்டையாகும். அவள் ஏழு எண்ணுவாள். ஏழில் தாளை எடுத்துவிட்டு, பதப்படுத்தும் மஞ்சள் திரவத்தில் ஒரு துளியை ஓரத்தில் விடுவாள். கடைசியாக மூடியின் விளிம்பைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசி அடைத்துவிடுவாள். அதைவிட நன்றாக அடைக்கிற பொருள் இதுவரை அவளுக்குக் கிடைக்கவில்லை. "பத்து வெரலுக்கு மாசம் ஆறு பாட்டிலாக்கா?" என்று ஃபேன்ஸி கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "எனக்கு இல்ல தம்பி, புழுவுக்கு" என்றாள். அதிலிருந்து அவர் அவளிடம் எதுவும் கேட்பதில்லை, பாட்டிலை மட்டும் கொடுத்துவிடுகிறார்.

பேராசிரியருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. இரண்டு வருடமாக அவரும் செவுளக்காவும் அந்தச் சந்தைக்கு மீன் வரும் ஏரி ஒன்றின் கெளுத்திகளைப் பார்த்து வந்தார்கள். அங்கே ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த இனம் ஒன்று உண்டு. அறைக்குள் அதற்குப் 'பழையவன்' என்று பெயர். அதன் பட்டை வகுத்த மீசைபோல நடுவில் மடிந்து இருபுறமும் சரிந்திருக்கும். அதோடு இரண்டு புது இனங்கள் கிடைத்தன. ஒன்றின் குழாய் மூன்றரைச் சுற்றுச் சுருண்டிருந்ததால் அது 'சுருட்டை'. இன்னொன்றின் பட்டை மடிப்பே இல்லாமல் நேராகக் கிடந்ததால் அது 'மட்டக்கோல்'. சரியான இலத்தீன் பெயர்களைப் பேராசிரியர் தனியாக வைத்திருந்தார். படங்கள் வரைந்து, அளவெடுத்து, கட்டுரை எழுதி, ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் அவர் பார்த்த முதல் புது இனங்கள் இவை. அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நடையில் தெரிந்தது.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டுரையைச் சோதித்த நிபுணர் தொலைவில் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பவர். இந்தப் புழுக்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு என்று பேர். அவர் எழுதியது நான்கு வரி. இரண்டு இனங்களுமே அளவுக்கு மீறி அழுத்தப்பட்ட மாதிரிகளாக இருக்கக்கூடும். தயாரித்தவரின் முறையில் தமக்கு ஐயம் உண்டு. ஐயம் தீரும்வரை இவற்றை இனங்களாக ஏற்க முடியாது. புதிய ஒளிப்படங்களும் விளக்கமும் தேவை.

பேராசிரியர் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்கோடி அறைக்கே வந்துவிட்டார்.

"தயாரித்தவர்னா யாரு சார்?" என்று கேட்டாள் செவுளக்கா.

"நீங்கதாம்மா. நான் வரையறேன், எழுதறேன். அழுத்தறது நீங்க."

"மொகத்தக்கூடப் பாக்காம சந்தேகமா?"

"பாத்திருந்தா இன்னும் ரெண்டு வரி சேத்து எழுதியிருப்பாரு." அவரே தன் நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரே ஒரு கேள்வி. எல்லா ஸ்லைடும் ஒரே மாதிரிதான செஞ்சீங்க?"

"ஒரே மாதிரிதான் சார். ஒரு சொட்டு, ஏழு எண்ணிக்கை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஏழுதான்."

"அது போதும் எனக்கு."

அன்று மாலையே அவர் பதிலை எழுதிவிட்டார். அதை அவளுக்குப் படித்தும் காட்டினார். எங்கள் ஆய்வக உதவியாளர் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாறாத ஒரே முறையில் மாதிரிகளைத் தயாரித்து வருகிறார். ஆகையால் காணப்படும் வேறுபாடு புழுவினுடையதே தவிர அழுத்தத்தினுடையது அல்ல. வெள்ளிக்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு. அதற்குள் இனத்துக்கு ஐந்து நல்ல ஸ்லைடு பொறுக்கிக் கொடுத்தால் படம் எடுத்து இணைத்துவிடலாம் என்றார்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் கையைப் பற்றி எங்கோ இருக்கும் ஒருவர் சந்தேகப்பட்டதும், இங்கே இருப்பவர் சந்தேகப்படாததும் இரண்டுமே சரியான மரியாதைகள்தான் என்று பட்டது. அந்தக் கை தவறு என்று ஆனால், போவது இரண்டு புழு மட்டும் இல்லை. அலமாரியில் இருக்கும் அத்தனை கண்ணாடிக்கும் அவள்தான் சாட்சி. சாட்சியை நம்ப முடியாது என்றால் அதற்குள் இருப்பதெல்லாம் வெறும் கண்ணாடி.

வியாழக்கிழமை மதியம், ஸ்லைடுகளைப் பொறுக்குவதற்காக வெள்ளைத் தட்டு ஒன்றை ஜன்னலோரம் வைத்தாள். மட்டக்கோலின் பதினேழையும் வரிசையாக அடுக்கினாள். கீழ் வரிசையில் சுருட்டையின் இருபத்தேழையும் அடுக்கினாள். எது தெளிவு என்று பார்க்கக் குனிந்தவளுக்கு, புழுவைப் பார்க்கும் முன்பே வேறொன்று கண்ணில் பட்டது.

மட்டக்கோல் பதினேழின் மேலும் மூடிக் கண்ணாடி சதுரம். சுருட்டையில் இருபத்து மூன்றின் மேல் வட்டம், நான்கின் மேல் மட்டும் சதுரம்.

அவள் முதலில் செய்த காரியம் எழுந்து போய்க் கதவைச் சாத்தியதுதான்.

எப்போதும் அவள் போடுவது சின்ன வட்ட மூடி. போன மழைக்காலத்தில் அது தீர்ந்துபோனது. ஸ்டோர் குமாஸ்தா பெரிய சதுர மூடிப் பெட்டி ஒன்றை நீட்டினார். "ரவுண்டு வர நாளாகும்க்கா. இது இருக்கு. கண்ணாடிதான, எதுவா இருந்தா என்ன?" என்றார். அவளும் "குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். கண்ணாடிதானே என்றுதான் அவளும் நினைத்தாள். மூன்று வாரம் கழித்து வட்டம் வந்தது, அதற்குத் திரும்பிவிட்டாள். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்லைடின் எண், தேதி, மீன் தலையின் நீளம், எந்தப் பக்கச் செவுள், எத்தனையாவது வளைவு, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, மூடிக்கு இல்லை.

பதிவேட்டைத் திறந்து அந்த மூன்று வாரத்தைத் தேடினாள். மட்டக்கோல் பிறந்தது அப்போதுதான். அந்த வாரங்களுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைவிட விசித்திரம் இன்னொன்று. ஒவ்வொரு மீனிலும் தவறாமல் இருக்கும் பழையவன் அந்த மூன்று வாரம் மட்டும் ஒன்றுகூட இல்லை. பழையவன் ஊருக்குப் போயிருந்தபோது மட்டக்கோல் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டு, அவன் வந்ததும் கிளம்பிவிட்டது போல.

அதே சொட்டுத் தண்ணீர் அகலமான கண்ணாடிக்கு அடியில் இன்னும் அகலமாகப் பரவும். பரவினால் மெலியும். மெலிந்தால் மூடி இன்னும் கீழே இறங்கும். அவள் அதே சொட்டை விட்டாள், அதே ஏழை எண்ணினாள், அதே கையால் தாளை எடுத்தாள். புழு மட்டும் கூடுதலாக நசுங்கியது. மடிந்திருந்த பட்டை விரிந்து நேரானது.

ஒரே மாதிரி செய்தால் ஒரே மாதிரி வரும் என்பதை மனிதர்கள் யோசிக்காமல் நம்பிவிடுகிறார்கள். அவளும் நம்பினாள். அவள் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் திருத்துவது சுலபம். உண்மையைச் சொல்லித் தவறாகப் போனதற்கு என்ன செய்வது என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கியே பாதி ஆயுள் போயிற்று என்று சொல்லிக்கொள்பவர். தட்டின் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"அப்ப மட்டக்கோல்னு ஒண்ணு கெடையாதா?"

"கெடையாதுன்னுதான் நெனைக்கறேன். செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"உங்க சாருக்கு ரெண்டுல ஒண்ணு போயிடும்."

"ஆமா."

"நீ சொல்லலன்னா யாருக்காவது தெரியுமா?"

"போட்டோவுல மூடியோட ஓரம் விழாது. யாருக்கும் தெரியாது."

மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. அம்மா கொண்டுவரும் மிச்ச நெயில் பாலிஷெல்லாம் அவளுடைய சொத்து. "யாருக்கும் தெரியாதுன்னா விட்டுடும்மா. புழு என்ன கேஸா போடப் போவுது?"

"நீ படி" என்றார் அப்பா. பிறகு மனைவியைப் பார்த்தார். "இங்க பாரு. லிஃப்ட்டு சரியா நிக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு எறங்கறேன்னு வெச்சுக்க. பாதிப் படியில ஒரு போல்ட்டு லூசுன்னு ஞாபகம் வந்துட்டா, நான் திரும்ப ஏறுவேனா மாட்டேனா?"

"முட்டிவலின்னு சொல்லிட்டு ஏறாம இருப்பீங்க."

"திட்டிக்கிட்டே ஏறுவேன்டி. கையெழுத்து என்னுதாச்சே. நீயும் ஏறு, திட்டிக்கிட்டே ஏறு."

அவள் திட்டவில்லை. அவள் யோசனை அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. சொன்னால் மட்டும் போதாது, கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். எப்படி என்று கை கழுவும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவளைப் பார்த்ததும் மீன்கார அம்மா திகைத்துப்போனாள். "என்னடி, இன்னிக்கு உன் நாளே இல்லையே? புழுவுக்கு லீவு உடமாட்டியா?"

"அவசரம்க்கா. நாலு தலை. பெருசா, நல்லா துள்ளற மீனா."

"நாலா? வீட்டுல விசேஷமா?"

"ஒருத்தரு இருக்காரா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

"அது தெரிய நாலு தலையா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அந்த அம்மா வெட்டினாள்.

பேராசிரியர் பத்து மணிக்கு வந்தார். கையில் கடிதம் உறைக்குள் தயாராக இருந்தது. செவுளக்கா அவரை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரச் சொன்னாள்.

"ஸ்லைடு பொறுக்கியாச்சா?"

"அப்பறம் சார். மொதல்ல இதப் பாருங்க. யாருன்னு சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். மூடிக்கு அடியில் தாராளமாகத் தண்ணீர் விட்டிருந்தாள். புழு உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. "பழையவன். பட்டை நல்லா மடிஞ்சிருக்கு. எதுக்கு இது?"

"கண்ண எடுக்காதீங்க சார். பட்டைய மட்டும் பாத்துட்டே இருங்க."

அவள் வடிதாளை ஓரத்தில் வைத்தாள். வாய்விட்டு எண்ணினாள். மூன்றில் புழு நெளிவதை நிறுத்தியது. ஐந்தில் பேராசிரியரின் தோள் இறுகியது. ஏழில் அவள் தாளை எடுத்தாள்.

"இப்ப யாரு சார்?"

அவர் குமிழைத் திருப்பித் தெளிவாக்கினார். மறுபடி திருப்பினார்.

அவள் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மூடி மெல்ல உயர்ந்தது. நேராகக் கிடந்த பட்டை மடிய ஆரம்பித்தது. முழுசாக இல்லை, முக்கால்வாசி மடிந்து பழையபடி வந்து நின்றது.

"இன்னொரு தடவ" என்றார், கண்ணை எடுக்காமலே.

வேறு புழுவில் இன்னொரு தடவை செய்தாள். அதன்பின் வேறு மீனின் புழுவில் செய்தாள். மூன்றாவது தடவை தாளை அவரே வாங்கிப் பிடித்தார், அவளைப் பார்க்கச் சொன்னார். மூன்று தடவையும் பழையவன் போய் மட்டக்கோல் வந்தது, மட்டக்கோல் போய்ப் பழையவன் வந்தது.

அவர் நிமிர்ந்தபோது கண்ணைச் சுற்றி நுண்ணோக்கிக் குழலின் வளையம் பதிந்திருந்தது.

"என்ன மூடி இது?"

"சதுரம் சார். மழைக்காலத்துல மூணு வாரம் போட்டேன். மட்டக்கோல் பதினேழும் இதுலதான் இருக்கு. வட்டத்துல ஒண்ணுகூட இல்ல. அந்த மூணு வாரம் பழையவனும் ஒண்ணுகூட இல்ல." பதிவேட்டை அந்தப் பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார். "ஒரே மாதிரின்னு சொன்னீங்க எங்கிட்ட."

"ஒரே மாதிரிதான் செஞ்சேன் சார். அதான் தப்பு. கண்ணாடி மாறினப்ப கை மாறியிருக்கணும். மாறல."

"இந்தக் கடிதத்துல உங்க பேர வெச்சு நான் சத்தியம் பண்ணாத குறை."

"அதனாலதான் போறதுக்கு முன்னாடி சொல்றேன்."

அவர் எழுந்து கழுவுதொட்டிவரை நடந்தார், திரும்பி வந்தார். அந்த அறையில் அதற்கு மேல் நடக்க இடம் இல்லை. அவர் கோபக்காரர் என்று துறையில் பேர் உண்டு, அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு புள்ள பெத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்மா" என்றார் கடைசியில். "ஒண்ணு பொறக்கவே இல்லன்னு இப்ப சொல்றீங்க."

"இன்னொண்ணு நல்லா இருக்கு சார்."

"சுருட்டையா? அதுவும் போச்சுன்னு சொல்லத்தான் என்னை உக்கார வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அத நான் நேத்தே சோதிச்சுட்டேன். சதுரத்துல நாலு இருக்கு, மூணரைச் சுத்து. வட்டத்துல இருபத்து மூணு, மூணரைச் சுத்து. இன்னிக்குக் காலையில ஒரு புழுவோட தசையக் கரைச்சுட்டுக் குழாய மட்டும் தனியா எடுத்தேன். மூடியே போடல. பாருங்க." ஸ்லைடை மாற்றினாள். "மேலயிருந்து கீழ வரைக்கும் எறங்கிட்டே எண்ணுங்க."

அவர் எண்ணினார். உதடு அசைந்தது. மூன்றாவது சுற்றில் நின்றார், அரைச் சுற்றைத் தேடிப் பிடித்தார். இன்னொரு முறை மேலேயிருந்து எண்ணினார். எண்ணி முடித்ததும் உறையை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். சந்தோஷமாகக் கிழித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கோணாமல் கிழித்தார்.

"எழுதறதுக்கு ஒரு தாள் குடுங்க" என்றார். "எப்படிச் செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. சொட்டு எவ்வளவு, மூடி எவ்வளவு அகலம், எல்லாம்."

புதிய பதில் ஆறு பக்கம் போனது. மட்டக்கோலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், அது எப்படி உண்டானது என்பதையும், யார் கண்டுபிடித்தது என்பதையும் எழுதினார். சுருட்டையின் படங்களை மூன்று விதமாக இணைத்தார்.

கடிதம் போன பிறகு செவுளக்கா அலமாரியின் முதல் இழுப்பறையைத் திறந்தாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மூடியைப் பார்த்தாள். வேலைகளுக்கு நடுவே ஒன்பது நாள் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தைத் தவிர மற்ற அத்தனையும் வட்டம். பதிவேட்டில் மூடிக்கென்று ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டாள். மட்டக்கோலின் பதினேழைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஸ்டோர் குமாஸ்தா சொன்னார். பெட்டியைக் கொடுத்தவர் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு.

"எதுக்குப் போடணும்? புழு அப்படியேதான இருக்கு. பேருதான் தப்பு" என்றாள். பழைய ஒட்டுச்சீட்டுகளை ஊறவைத்துக் கிளப்பிவிட்டு, பழையவனின் பெயரை எழுதி, கீழே 'சதுர மூடி, மிகை அழுத்தம்' என்று சேர்த்து, அவன் இழுப்பறையிலேயே வைத்தாள்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. சுருட்டையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பாராட்டு என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கடிதத்தோடு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டி ஒன்று வந்திருந்தது. அதற்குள் பஞ்சில் பொதிந்த இரண்டு ஸ்லைடுகள்.

பேராசிரியர் அந்த நிபுணரின் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். இவை முப்பத்தொரு வருடத்துக்கு முன் நான் விவரித்த இனம். இந்த இரண்டு மாதிரிகள்தான் உண்டு; இரண்டும் நான் செய்தவை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு இவற்றை எடுத்துப் பார்த்தேன். இது புழுவா, என் கையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் உதவியாளர் பார்க்க முடியுமா?

படித்து முடித்தவரின் முகத்தில் பல மாதமாகப் பார்க்காத ஒரு குஷி இருந்தது. "மாட்டினாரு பாத்தீங்களா! பாருங்க, பாருங்க."

அவள் இரண்டு காலை நேரங்களை அதற்குச் செலவழித்தாள். கொக்கிகளை அளந்தாள், பட்டையை அளந்தாள், கண்புள்ளிகளின் இடைவெளியை அளந்தாள். இரண்டாவது நாள் பேராசிரியர் வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"என்னம்மா, கவுத்துடலாமா?"

"அழுத்தியிருக்கு சார். நல்லாவே அழுத்தியிருக்கு."

"அப்ப இனம் இல்ல!"

"அப்படி நான் சொல்லலையே. அழுத்தியிருக்குன்னு தெரியுது. அழுத்தறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியல. அழுத்துனதும் இனம் இல்லங்கறதும் ஒண்ணு இல்ல."

"ஒரு வரி எழுதிடலாம்மா. 'ஐயம் உள்ளது'ன்னு. அவரு நமக்கு எழுதுன மாதிரியே."

"அது அவருக்கே தெரியும் சார். ஐயம் இருக்கறதாலதான அனுப்பியிருக்காரு." அவள் ஸ்லைடுகளைத் துடைத்துப் பஞ்சில் வைத்தாள். "இதப் பாத்து யாராலயும் சொல்ல முடியாதுன்னு எழுதுங்க. நானும் சொல்ல மாட்டேன்னு எழுதுங்க. ஒட்டுச்சீட்டுல போட்டிருக்கற அந்த ஆறு இன்னும் இருக்கான்னு கேளுங்க. இருந்தா, மீனப் புடிச்சு உயிரோட பாக்கச் சொல்லுங்க."

"அந்த மனுஷனுக்கு எழுபது வயசாவது இருக்கும்மா."

"வேற யாராவது எறங்கிப் புடிக்கட்டும். பாக்கறது மட்டும் அவரு பாக்கட்டும்."

பேராசிரியர் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க" என்றார். "நீங்க சொல்றபடியே எழுதறேன்."